வெள்ளைக் கம்பு இல்லாத இடத்தில் ஓபி எல்லை எது?

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். கோல்ஃபில் ஓபி (அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது ஆட்ட எல்லைக்கு வெளியே உள்ள பகுதி) எல்லை தெளிவாக இல்லாத இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் எங்கள் குழுவுக்குள் எழுந்த கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. விதிகளை நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும் என்பதால், நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

வலப்பக்கம் வளையும் ஒரு பார் 4 குழி, அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழி. அதன் வலப்புறம் நெடுகிலும் வெள்ளைக் கம்புகள் நட்டு எல்லை காட்டியிருக்கிறார்கள். கம்புகளுக்கு அப்பால் சில தப்படி தள்ளி, பழைய கம்பி வேலி ஒன்று ஏறக்குறைய அதே திசையில் ஓடுகிறது. வளைவின் முனையில் நிற்க வேண்டிய கம்பைக் காணவில்லை. அது நின்ற குழி மட்டும் ஓரம் சரிந்து, பாதி மண் மூடி, உள்ளே சருகு அடைந்து கிடக்கிறது. அந்தக் கம்பு நின்றிருந்தால் எல்லை அங்கே மைதானத்தின் பக்கமாக முனை நீட்டித் திரும்பியிருக்கும். அது இல்லாததால், முன்னும் பின்னும் உள்ள கம்புகளை நேராக இணைத்துப் பார்க்கும்போது அந்த முனை முழுவதும் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

என்னுடன் ஆடியவரின் டீ ஷாட் (குழி தொடங்கும் இடமான டீயிலிருந்து அடிக்கும் முதல் அடி) சரியாக அந்த முக்கோணத்துக்குள் போய் நின்றது. மூவரும் மூன்று விதமாகச் சொன்னோம். எஞ்சிய கம்புகளின் கோட்டுக்கு உள்ளே பந்து இருப்பதால் அது ஆட்டத்தில் உள்ளது என்றார் அவர். கம்பு நின்ற குழியை வைத்துத்தான் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் பந்து முழுவதும் வெளியே என்றார் மற்றொருவர். வேலிதான் உண்மையான எல்லை, கம்புகள் வெறும் அடையாளம் என்று நான் எண்ணினேன். ஸ்கோர் கார்டின் பின்புறத்தில் ‘வெள்ளைக் கம்புகளும் வேலிகளும் எல்லையைக் குறிக்கும்’ என்ற ஒரே வரிதான் இருந்தது. முதல் பந்து வெளியே போயிருக்கலாம் என்ற ஐயத்தில் முன்னெச்சரிக்கையாக அடிக்கும் புரொவிஷனல் பந்து எதையும் அவர் அடித்திருக்கவில்லை. நடுவரும் அருகில் இல்லை. பின்னால் ஒரு குழு காத்திருந்ததால், பந்து கிடந்த இடத்திலிருந்தே அவர் ஆடிக் குழியை முடித்தார்.

ஆட்டம் ஸ்ட்ரோக் பிளே, அதாவது மொத்த அடிகளை (ஸ்ட்ரோக்குகளை) எண்ணும் முறை. நான் அவருடைய மார்க்கர், அதாவது அவருடைய ஸ்கோரைக் குறிப்பவர். கார்டைக் கொடுப்பதற்கு முன் போட்டிக் கமிட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கம்பு இல்லாமற்போனது ஆட்டக்காரரின் குற்றமில்லை என்பதால் சந்தேகத்தின் பலனை அவருக்கே அளிப்பதாகச் சொல்லி, ஸ்கோரை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அதே இடத்துக்குப் பந்து போன வேறொருவர் தாமாகவே ஓபி என்று முடிவு செய்து, டீக்குத் திரும்பிப் போய் மறுபடியும் அடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டபோது மனம் ஒப்பவில்லை. அந்த மூன்று கோடுகளில் விதிப்படி எது எல்லை? அந்த நேரத்தில் அவர் என்ன செய்திருக்க வேண்டும்? சந்தேகத்தின் பலன் என்ற ஒன்று கோல்ஃப் விதிகளில் உண்டா?

மறுமொழி: விதிநூல்

வணக்கம் இளவேனில். நீங்கள் விவரித்திருப்பதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. எல்லைக்கோடு எது என்பது ஒன்று. பந்து அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைத் தீர்மானிக்கும் பொறுப்பும் அதிகாரமும் கமிட்டிக்கு மட்டுமே உண்டு. இரண்டாவதை ஆட்டக்காரர் தம் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். ஓபி தகராறுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான் வளர்கின்றன.

ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் சேர்ந்து வெளியிடும் விதிகளின்படி, கமிட்டி வரையறுத்த எல்லை விளிம்புக்கு வெளியே உள்ள பகுதி முழுவதும் ஓபி. கம்புகளாலோ வேலியாலோ எல்லை குறிக்கப்பட்டிருந்தால், அந்தக் கம்புகளின் அல்லது வேலித் தூண்களின் மைதானப் பக்கத்து முகங்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் கோடே விளிம்பு. கம்புகளும் தூண்களும் ஓபியில் நிற்பவையாகவே கருதப்படும். தரைமட்டம் என்ற சொல்லைக் கவனியுங்கள்: கம்பு மைதானத்தின் பக்கம் சாய்ந்திருந்தாலும் வெளியே சாய்ந்திருந்தாலும், அதன் உச்சி எங்கே இருக்கிறது என்பதற்கு மதிப்பில்லை, அடி எங்கே மண்ணைத் தொடுகிறதோ அதுவே கணக்கு. தரையில் வண்ணக்கோடு போட்டிருந்தால், கோட்டின் மைதானப் பக்க ஓரம் விளிம்பாகிறது. கோடு ஓபியில் அடங்கும். இந்த விளிம்பு தரைக்கு மேலும் கீழும் செங்குத்தாக நீள்கிறது. ஆகவே எல்லைக்கு வெளியே வேரூன்றி, உள்ளே கிளை நீட்டும் மரத்தில் பந்து சிக்கினாலும், சிக்கிய இடத்துக்கு நேர் கீழே உள்ள தரை எந்தப் பக்கம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பந்து முழுவதும் விளிம்புக்கு வெளியே போனால்தான் ஓபி. அதில் ஒரு சிறு பகுதி விளிம்பின் மேலோ உள்ளேயோ இருந்தாலும் பந்து ஆட்டத்தில் உள்ளது. அப்படிப்பட்ட பந்தை ஆட, வெளியே கால் ஊன்றி நிற்பதற்கும் தடையில்லை.

இனி உங்கள் மூன்று கோடுகளுக்கு வருகிறேன். வேலியை எல்லை என்று எடுத்துக்கொள்ள, அந்த இடத்தில் வேலிதான் எல்லை என்று கமிட்டி சொல்லியிருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் கம்புகளும், அவற்றுக்கு வெளியே வேலியும் இருக்கும்போது, வெள்ளைக் கம்புகளை அங்கே நட்டதற்குக் காரணம் கம்புகளை எல்லையாக்குவதே என்று கொள்வதுதான் இயல்பு. அல்லாவிட்டால் அவற்றை நட வேண்டிய தேவையே எழுந்திருக்காது. ஆனாலும் கார்டின் வரி இரண்டையும் குறிப்பிடுவதால், குழப்பத்துக்கு அந்த வரிதான் முதற்காரணம் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

எஞ்சிய கம்புகளின் நேர்கோடா, கம்பு நின்ற குழி காட்டும் முனையா என்ற கேள்வியில் நான் அந்தக் கம்புக்குழியின் பக்கமே நிற்கிறேன். கமிட்டி எல்லையை வரையறுத்தபோது அந்தக் கம்பு அங்கே நின்றது. யாரோ பிடுங்கினாலும், புல்வெட்டும் வண்டி இடித்துச் சாய்த்தாலும், மழையில் சரிந்தாலும், அதனால் மைதானத்தின் எல்லை மாறிவிடாது. எல்லையை மாற்றக் கமிட்டியால்தான் முடியும். குழி அங்கே கண்ணுக்குத் தெரிகிறது என்றால், கம்பு நின்ற இடத்துக்கான சான்று இன்னும் இருக்கிறது என்றுதான் பொருள். அது பழைய எல்லையின் மிச்சமாக இருக்கலாமே என்று கேட்டால், அதற்கும் விடை சொல்லக் கூடியது கமிட்டி ஒன்றே.

அப்படியானால் பந்து ஓபியில் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் விளைவு ஒரு தண்டனை ஸ்ட்ரோக்கோடு நிற்பதில்லை என்பதைப் பலர் உணர்வதில்லை. ஓபிக்குப் போன பந்து ஆட்டத்திலுள்ள பந்தாக இல்லாமற்போகிறது. அதை அடிப்பது தவறான பந்தை அடித்ததாகும். ஸ்ட்ரோக் பிளேயில் அதற்கு இரண்டு தண்டனை ஸ்ட்ரோக்குகள். மேலும், அடுத்த குழியைத் தொடங்குவதற்கு முன் திரும்பி வந்து, விதி 18.2 சொல்லும் ஸ்ட்ரோக்–தொலைவுத் தண்டனையோடு முன்பு அடித்த இடத்திலிருந்து ஆடித் தவறைத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தாமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். ஒரு கம்பு இல்லாமற்போனதால் ஒரு நாள் ஆட்டமே போகும் அளவுக்கு விஷயம் கனமானது என்பதால்தான், ஓபி ஓரத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று அடித்துவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

உங்கள் நண்பருக்கு விதி 20.1சி(3) ஒரு நல்ல வழியைத் திறந்து வைத்திருந்தது. ஸ்ட்ரோக் பிளேயில், எந்த முறையில் ஆடுவது சரி என்று ஒருவருக்குத் தெரியாதபோது, அவர் இரண்டு பந்துகளை ஆடிக் குழியை முடிக்கலாம். ஐயம் எழுந்த பிறகு அடுத்த அடியை அடிப்பதற்கு முன்பே அந்த முடிவை எடுத்துவிட வேண்டும். விதிகள் இடமளித்தால் எந்தப் பந்தின் ஸ்கோர் தமக்கு வேண்டும் என்பதை மார்க்கரிடமோ உடன் ஆடுபவரிடமோ முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் முதலில் அடித்த பந்தைத் தேர்ந்ததாகக் கொள்ளப்படும். அவர் முக்கோணத்தில் கிடந்த பந்தை ஒன்றாகவும், டீயிலிருந்து மூன்றாவது ஸ்ட்ரோக்காக அடிக்கும் பந்தை மற்றொன்றாகவும் ஆடியிருந்தால், எல்லை எது என்று கமிட்டி பிறகு நிதானமாகத் தீர்மானித்து, பொருந்தும் ஸ்கோரை எடுத்துக்கொண்டிருக்கும். கார்டைக் கொடுப்பதற்கு முன் நடந்ததைக் கமிட்டியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது இதில் மிக முக்கியமான நிபந்தனை. இரண்டு பந்துகளிலும் ஒரே ஸ்கோர் வந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் நீக்கம்.

டீ வரை திரும்பி நடப்பது நேரத்தை விழுங்கும் என்பது உண்மை. அதற்கான மருந்து புரொவிஷனல் பந்து. பந்து ஓபியில் இருக்கக்கூடும் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் போதும், விதி 18.3 அதை அனுமதிக்கிறது. ‘இது புரொவிஷனல்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். சொல்லாமல் இன்னொரு பந்தை அடித்தால் அதுவே ஆட்டத்திலுள்ள பந்தாகிவிடும், முதல் பந்து உள்ளே கிடந்தாலும் பயனில்லை. புரொவிஷனல் அடித்தபின் முதல் பந்து எல்லையோரம் கிடந்து, அது உள்ளேயா வெளியேயா என்று தெரியாவிட்டால், அந்தப் புரொவிஷனலையே இரண்டாவது பந்தாகக் கொண்டு இரண்டையும் ஆடி முடிக்கலாம். எல்லை மங்கலாக உள்ள குழிகளில் புரொவிஷனல் அடிப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளும்படி நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

சந்தேகத்தின் பலன் ஆட்டக்காரருக்கே என்று பொதுவாக வழங்கும் விதி எதுவும் கோல்ஃபில் இல்லை. அதற்கு நெருக்கமாக இருப்பது, விதி 1.3பி(2) சொல்லும் நியாயமான மதிப்பீடு. பந்து மைதானத்துக்குள் கிடக்கிறதா என்பது உட்பட, ஓர் இடத்தையோ கோட்டையோ ஆட்டக்காரர் கணிக்க வேண்டியிருக்கும்போது, அந்தச் சூழ்நிலையில் எதிர்பார்க்கக்கூடிய அளவு கவனத்தோடு கணித்திருந்தால், பிறகு வீடியோ வேறு மாதிரி காட்டினாலும் அவருடைய கணிப்பு ஏற்கப்படும். ஆனால் இரு கம்புகளுக்கு இடையே கண்ணால் கோடு பிடித்து, பந்து விரலளவு உள்ளே இருக்கிறது என்று கணிப்பதற்கு இது பொருந்துமே தவிர, வேலி எல்லையா கம்பு எல்லையா என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வதற்கு இது உரிமை தருவதாக நான் கருதவில்லை.

கமிட்டி தந்த தீர்ப்பை நான் குறை சொல்ல விரும்பவில்லை. தாங்கள் சரியாகப் பராமரிக்காத எல்லையின் காரணமாக ஒருவரை நீக்குவது நியாயமாகாது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. என்றாலும் எல்லை இதுதான் என்று அறிவித்துவிட்டு, அதன் அடிப்படையில் தீர்ப்பைச் சொல்லியிருந்தால், டீக்குத் திரும்பிய அந்த மற்றவருக்கும் பதில் கிடைத்திருக்கும். மார்க்கர் என்ற முறையில் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தவறு என்று அறிந்தே ஒரு ஸ்கோருக்குச் சான்றளிக்கும் மார்க்கருக்குத்தான் விதிகளில் தண்டனை இருக்கிறது. நீங்களோ எல்லாவற்றையும் கமிட்டியின் முன் வைத்துவிட்டீர்கள்.

மறுமொழி: எதிர்முனை

விதிநூல் அவர்கள் சொன்னது ஸ்ட்ரோக் பிளேக்கு முழுவதும் பொருந்தும். மேட்ச் பிளே, அதாவது குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் முறையில் ஆடுபவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன்: அங்கே இரண்டு பந்துகளை ஆடும் வழி கிடையாது. நடுவர் இல்லாத ஆட்டத்தில் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை இருவரும் பேசி ஒத்துக்கொண்டால் அத்துடன் முடிந்தது. தெரிந்தே ஒரு விதியைப் புறக்கணிக்க ஒத்துக்கொள்ளாதவரை, அந்த முடிவு பிறகு தவறு என்று தெரிந்தாலும் நிற்கும். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால், தீர்ப்புக் கேட்கப் போவதாக எதிராளியிடம் உரிய நேரத்தில், அதாவது பொதுவாக இருவரில் யாரும் அடுத்த குழியின் டீயில் அடிப்பதற்கு முன், சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். ஓபியில் கிடந்த பந்தை ஆடினார் என்று பின்னர் கமிட்டி முடிவு செய்தால், தவறான பந்து ஆடியதற்காக அந்தக் குழியை அவர் இழப்பார். அதனால் மேட்ச் பிளேயில் ஐயமான எல்லையோரம் புரொவிஷனல் அடிப்பது இன்னும் அவசியம் என்பது என் கருத்து.

மறுமொழி: கோடுபோடுபவர்

கமிட்டியின் சார்பில் மைதானத்துக்கு எல்லை குறிக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். அதனால் இந்தக் கேள்வியில் ஆட்டக்காரரைவிட எங்கள் தரப்பின் கடமையைப் பற்றியே அதிகம் சொல்லத் தோன்றுகிறது. எல்லை மங்கலாக இருந்தால் ஆட்டக்காரர் எவ்வளவு விதி படித்திருந்தாலும் பயனில்லை. கேள்வி கேட்கக் கோடு ஒன்று இருந்தால்தானே அவர் விடை காண முடியும்.

கம்பு நடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது, ஒரு கம்பின் அடியில் நின்று பார்த்தால் அடுத்த கம்பின் அடி தெரிகிறதா என்பதைத்தான். உச்சி தெரிவது போதாது. நடுவில் மேடோ புதரோ மரத்தடியோ மறைத்தால், மறைக்கும் இடத்துக்கு முன்பாகவே இன்னொரு கம்பு நட்டாக வேண்டும். எல்லை திரும்பும் ஒவ்வொரு முனையிலும் கட்டாயம் ஒரு கம்பு வேண்டும். ஏனென்றால் இரண்டு கம்புகளுக்கு இடையே எல்லை எப்போதும் நேர்கோடுதான். புல்லின் ஓரம் வளைகிறது என்பதற்காகவோ பாதை வளைகிறது என்பதற்காகவோ கோடு வளையாது. நேரான பகுதியில் ஒரு கம்பு போனால் பெரிய நட்டம் இல்லை, மற்ற இரண்டும் அதே கோட்டைக் காட்டும். முனைக்கம்பு போனால் எல்லையே இடம் பெயர்ந்ததுபோல் ஆகிவிடும். இளவேனில் சொன்ன இடத்தில் நேர்ந்தது அதுதான். ஆகவே முனைக்கம்புகளை மட்டுமாவது கான்கிரீட்டில் பதித்து விடுவது நல்லது. அதோடு எல்லாக் கம்புகளின் அடியிலும், மைதானப் பக்க முகத்தை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெளித்துவிட்டால், கம்பு பிடுங்கப்பட்டாலும் புள்ளி நிற்கும். புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் விரலளவு தகராறும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெரிய போட்டிகளுக்கு முன் கம்புகளோடு வண்ணக்கோடும் போடுவது இன்னும் நல்லது. அப்போது கோடுதான் எல்லை, கம்புகள் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கான அடையாளம் மட்டுமே என்பதை உள்ளூர் விதியில் எழுதிவிட வேண்டும்.

கம்பும் வேலியும் அருகருகே இருக்கும் இடத்தில் ‘இரண்டும் எல்லை’ என்று எழுதுவதைப் போன்ற தீங்கு வேறில்லை. வேலியைப் பின்னால் வைத்துக்கொண்டு கம்பு நடுவதென்றால், ‘கம்புகள் உள்ள இடங்களில் கம்புகளே எல்லை, கம்புகள் இல்லாத இடங்களில் வேலியே எல்லை’ என்று முன்னுரிமையைச் சொல்லிவிட வேண்டும். சுவர் என்றால் இன்னும் கவனம் தேவை. தூண்களைப் போலச் சுவருக்கு விதியே ஒரு விளிம்பைத் தந்துவிடுவதில்லை. உள்முகமா வெளிமுகமா என்று கமிட்டி எழுத வேண்டும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17ஆம் குழியை எல்லோரும் அறிவார்கள். கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தளத்துக்கு, பின்னால் ஓடும் சாலை ஆட்டத்தில் உள்ளது. சாலையை ஒட்டிய கல்சுவருக்கு அப்பால் ஓபி. 2010 பிரிட்டிஷ் ஓபனில் ஸ்பெயின் வீரர் மிகேல் ஆங்கெல் ஹிமேனெஸின் பந்து சுவரை ஒட்டிக் கிடந்தபோது, அவர் பந்தைச் சுவரின்மேல் அடித்து, அது திரும்பி எகிறிக் கிரீனுக்கு வரும்படி ஆடினார். எல்லைச் சுவர் என்பதால் இலவச நிவாரணம் கிடைக்காது என்பதும், சாலை ஓபி இல்லை என்பதும் அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது. கடினமான இடம்தான், ஆனால் மங்கலான இடம் இல்லை. கமிட்டி கொடுக்க வேண்டியது அந்தத் தெளிவைத்தான்.

மைதானத்தின் குறுக்கே பொதுச்சாலை போனால் இன்னொரு சிக்கல். சாலையை ஓபி என்று அறிவித்துவிட்டாலும், சாலையைத் தாண்டி மறுபுறம் உள்ள மைதானத்தில் போய் நின்ற பந்து, பொது விதிப்படி உள்ளே கிடக்கும் பந்துதான். பந்து எதைக் கடந்து போனது என்பதை விதி பார்ப்பதில்லை, எங்கே நின்றது என்பதையே பார்க்கிறது. அதையும் ஓபியாக்க வேண்டுமானால் அதற்கென உள்ளூர் விதி தேவை. இதை எழுதாமல் விட்டுவிட்டு ஆண்டுதோறும் வாதாடும் இடங்களும் உண்டு.

உள் எல்லை, அதாவது மைதானத்தின் உட்பகுதியையே ஒரு குறிப்பிட்ட குழிக்கு மட்டும் ஓபியாக்குவது, மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய ஒன்று. இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் உள்ள ராயல் லிவர்பூல் மைதானம் அதற்குப் பெயர் போனது. 2023 ஓபனில் 18ஆம் குழியின் வலப்புறம் நெடுக வீரர்கள் அந்த உள் எல்லையை எண்ணியே அடிக்க வேண்டியிருந்தது. மாறாக, 1979 யுஎஸ் ஓபன் நடந்த இன்வர்னெஸ் மைதானத்தில் அமெரிக்க வீரர் லான் ஹிங்க்கிள் 8ஆம் குழியை 17ஆம் குழியின் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே புல் வெட்டிய பகுதி) வழியாகக் குறுக்கு வழியில் ஆடியபோது, அதைத் தடுக்க அதிகாரிகள் இரவோடு இரவாக ஒரு மரத்தையே நட்டார்கள். போட்டி தொடங்கிவிட்ட பிறகு எல்லையைக் குறிப்பது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. உள் எல்லை குறித்தால், எந்தக் குழி ஆடும்போது அது செல்லும், மற்றக் குழிகளை ஆடுபவர்களுக்கு அந்தக் கம்புகள் என்ன தகுதி பெறும் என்ற இரண்டையும் எழுதியாக வேண்டும்.

இளவேனில்

அனைவருக்கும் நன்றி. எல்லைக்கோடு எது என்பதும், பந்து எந்தப் பக்கம் என்பதும் வேறு வேறு கேள்விகள் என்ற விளக்கத்துக்குப் பிறகு எங்கள் வாதம் எங்கே தடம் புரண்டது என்று தெளிவாகத் தெரிகிறது. மேலும் ஒன்றைக் கேட்கிறேன். அதே ஓரத்தில் பந்து உள்ளே கிடந்தாலும், கம்பு சுவிங்குக்கு இடைஞ்சலாக நிற்கும் இடங்கள் இருக்கின்றன. சில கம்புகள் கை வைத்தாலே ஆடும் அளவுக்குத் தளர்ந்திருக்கின்றன. அவற்றைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முனைக்கம்பு காணாமற்போனதற்கும் அதுவே காரணமாக இருக்குமோ என்று எண்ணுகிறேன். சிவப்பு, மஞ்சள் கம்புகளைப் பிடுங்கலாம் என்றால் வெள்ளைக் கம்பை ஏன் பிடுங்கக் கூடாது? வேலியைத் தாங்கி நிற்கும் சாய்வுக்கால்களுக்கும் அதே விதிதானா?

மறுமொழி: விதிநூல்

உங்கள் ஊகம் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. நீர்நிலை போன்ற பெனால்டி ஏரியாவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள் கம்புகள் பிடுங்க முடிந்தவையாக இருந்தால் நகர்த்தக்கூடிய தடைகள், எடுத்துவிட்டு ஆடலாம். வெள்ளைக் கம்பு எல்லைப் பொருள் என்ற தனி வகையைச் சேர்ந்தது. எவ்வளவு தளர்ந்து ஆடினாலும், அது அசைக்க முடியாததாகவே கருதப்பட வேண்டும் என்பது விதியின் வாசகம். அதிலிருந்து இலவச நிவாரணமும் இல்லை. இடைஞ்சல் தாங்க முடியவில்லை என்றால், பந்தை ஆட முடியாதது என்று அறிவித்து ஒரு தண்டனை ஸ்ட்ரோக்குடன் விதி 19 தரும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

பிடுங்கிவிட்டு அடித்தால், ஸ்ட்ரோக்கைப் பாதிக்கும் நிலைமைகளை மேம்படுத்திய குற்றத்துக்கு ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு தண்டனை ஸ்ட்ரோக்குகள், மேட்ச் பிளேயில் குழி இழப்பு. ஆனால் 2019இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் ஒரு சலுகை சேர்ந்தது. அறியாமல் கம்பைப் பிடுங்கியவர், அடிப்பதற்கு முன் அதே இடத்தில் பழைய நிலையில் அதை நட்டு, தமக்குக் கிடைத்த அனுகூலத்தை நீக்கிவிட்டால் தண்டனையிலிருந்து தப்பலாம். உடன் ஆடுபவர் கம்பில் கை வைப்பதைக் கண்டால் உடனே சொல்லுங்கள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான், கிரீனில் இல்லை.

வேலியின் அடித்தளமும் தூண்களும் எல்லைப் பொருளில் அடங்கும். சாய்வுக்கால்களும், இழுத்துக் கட்டிய கம்பிகளும், வேலியைக் கடக்க வைத்திருக்கும் படிகளும் அடங்கா. அவை மைதானத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு உங்கள் நிலைக்கோ சுவிங்குக்கோ இடைஞ்சலாக இருந்தால், வழக்கமான அசையாத் தடைக்குரிய இலவச நிவாரணம் உண்டு. எல்லை விளிம்பை அளக்கும்போதும் சாய்வுக்கால்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நேர்த்தூண்களை மட்டும் பாருங்கள்.

மறுமொழி: கோடுபோடுபவர்

இன்னொரு யோசனையை உங்கள் கமிட்டியின் முன் வையுங்கள். டீக்குத் திரும்பி நடக்கத் தயங்கித்தான் பலர் ஐயமான பந்தை அப்படியே ஆடிவிடுகிறார்கள். 2019 முதல், இ-5 எனப்படும் மாதிரி உள்ளூர் விதியைச் சாதாரணப் போட்டிகளுக்குக் கமிட்டி ஏற்கலாம். புரொவிஷனல் அடிக்காதவர், பந்து எல்லையைக் கடந்ததாகக் கணிக்கும் இடத்தை வைத்து, குழிக்கு அருகே போகாமல், ஃபேர்வேயின் ஓரத்திலிருந்து இரண்டு கிளப் நீளம் உள்ளே வரை உள்ள பகுதியில் இரண்டு தண்டனை ஸ்ட்ரோக்குகளுடன் பந்தை டிராப் செய்து, அதாவது கையிலிருந்து கீழே விட்டு, ஆட்டத்தைத் தொடரலாம். உயர்நிலைப் போட்டிகளுக்கு இது உரியதில்லை என்று விதி வகுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மாதாந்திரப் போட்டிகளுக்கு மிகவும் ஏற்றது. அந்த விதி நடைமுறையில் இருக்கும்போது, ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டாவது பந்தையும் அந்த டிராப்பிலிருந்தே ஆடலாமா என்பதைக் கமிட்டி முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. முனைக்கம்பை அந்தக் குழியிலேயே மறுபடி நடும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். நட்டபின் குழியைச் சுற்றி மண்ணை நன்றாக இடித்து இறுக்கி, கார்டிலுள்ள அந்த ஒரு வரியையும் அதே நாளில் திருத்தினால்தான் வேலை முடியும். கம்பை மட்டும் நட்டுவிட்டு, வேலியும் எல்லை என்ற வாசகத்தை அப்படியே விட்டால், அடுத்த போட்டியில் வேறொருவர் வேலியைக் காட்டி வாதாட இடமிருக்கும்.